ஏழு கோப்பைக்கும் ஒரே அளவு

அத்தியாயம் 14

மாமியார் யோகேஸ்வரி பாட்டைக் கேட்டுவிட்டுச் சிவகரனிடம் ஃபோனைத் திருப்பிக் கொடுத்து நான்கு நாளாகிறது.

"இது என் புள்ள இல்ல தம்பி" என்று மட்டும் சொன்னார். அழவில்லை. அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டார்.

அந்த ஒரு வரியைத்தான் சிவகரன் நான்கு நாளாக மென்றுகொண்டிருக்கிறான். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மனைவி ரூபிகா இறந்து பதினோரு மாதம். மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் வாசலில் அவளுடைய செருப்பு மட்டும் கிடந்தது. அவள் குரல் எங்கேயும் மிச்சமில்லை என்றுதான் அவன் நினைத்திருந்தான். மூன்று வாரத்துக்கு முன் பழைய லேப்டொப்பில் வேண்டாததை அழிக்கும்போது 'சும்மா' என்று ஒரு ஃபோல்டர் கண்ணில் பட்டது. அவளே வைத்த பெயர். உள்ளே ஒரே ஒரு பாட்டு. நான்கு நிமிடம் பதினோரு வினாடி.

மேட்டு லயத்து மாரியம்மனை அழைக்கும் பாட்டு.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது; லயம் என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். கரகம் எடுக்க ஆற்றுக்கு இறங்குவதற்கு முன் ஒரு பெண் அழைப்புப் பாட வேண்டும். அது யோகேஸ்வரி வீட்டுப் பெண்களின் உரிமை. பூவும் பொட்டுமாக இருப்பவள்தான் பாடலாம். யோகேஸ்வரி பதினாறு வருடம் பாடினார். கணவர் இறந்த வருடம் வாயை மூடினார். அதற்குப் பிறகு அவர் முணுமுணுத்துக்கூட எவரும் கேட்டதில்லை. அடுத்து ரூபிகா பாடினாள். இளையவள் சுலக்ஷனாவுக்குப் பாட்டு வராது. அவள் வாய் திறந்தால் கரகம் ஆற்றோடு நின்றுவிடும் என்று ரூபிகா கேலி செய்வாள்.

நாளைக்குக் கரகம். ரூபிகாவின் பதிவையே போடலாம் என்று கோயில் தலைவர் பழனியாண்டி ஒப்புக்கொண்டிருந்தார். இன்று நாலு மணிக்கு ஸ்பீக்கரில் போட்டுப் பார்க்க வேண்டும்.

யோகேஸ்வரியின் பேச்சு வேறு. "எனக்கு அவளாத் தெரியணும். தெரியலேன்னா போடாதீங்க. கீழ் லயத்துல யாராவது பாடிட்டுப் போகட்டும்."

சனிக்கிழமை காலை எட்டரைக்குச் சுலக்ஷனா சிவகரன் இருக்கும் கொட்டகலையில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். கையில் ரொட்டிப் பொட்டலம்.

"என்னா மச்சான், கண்ணு ரெண்டும் பழுத்த தக்காளி மாதிரி இருக்கு."

"வேலை."

"அம்மா குடுத்து விட்டாங்க. மொளகாச் சம்பல் வேறயா கட்டியிருக்கு. இப்ப தொடாதீங்க, ரொட்டிய மட்டும் தின்னுங்க."

"ஏன்?"

"சும்மா சொன்னேன். எங்க வேலைப் பழக்கம்."

அவள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ருசி பார்க்கும் அறையில் வேலை செய்கிறாள். கோப்பை கழுவி, தேயிலை நிறுத்து, வரிசை வைப்பது அவள் பொறுப்பு. தரம் சொல்லும் டீமேக்கர் ஐயா ஒவ்வொன்றையும் உறிஞ்சித் துப்புவார். அந்தக் காலை நேரத்தில் அறைக்குள் வருகிற எவரும் மிளகாய் தின்றிருக்கக் கூடாது.

சிவகரன் பள்ளிக்கூடத்தில் கணினி ஆசிரியர். ஸ்டேஷனுக்குப் பின்னால் வாடகை வீடு. பின்னறைச் சுவரில் பழைய மெத்தைகளையும் சாக்குகளையும் ஆணியடித்துப் பதிவறை ஆக்கியிருந்தான். சனி ஞாயிறுகளில் பஜனைக் கோஷ்டிகள் வரும். ரயில் வந்தால் பாட்டை நிறுத்திக் காத்திருப்பார்கள்.

"காட்டுங்க, என்னாதான் செஞ்சிருக்கீங்கன்னு பார்ப்போம்." சுலக்ஷனா முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

திரையில் ஒரே பாட்டு ஏழு வரிகளாக நின்றது.

"ஏழும் அக்காவா?"

"ஏழும் அவதான். ஒவ்வொண்ணுலயும் வேற பிளகின் போட்டிருக்கேன்."

"அப்பிடின்னா?"

அவனுக்குப் பேச்சு அதிகம் வராது. இதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் வந்தது. "முந்தி பாட்ட டேப்புல பதிவாங்க. வால்வு வச்ச மெஷினுக்குள்ள அனுப்புவாங்க. சத்தம் அதுக்குள்ள போய் வெளிய வரும்போது முனை கொஞ்சம் மழுங்கியிருக்கும். கொஞ்சம் சதை பிடிச்சிருக்கும். கேக்க இதமா இருக்கும். கம்ப்யூட்டர்ல நேரா பதிஞ்சா அது இருக்காது. உள்ளது உள்ளபடி வரும். வெறும் எலும்பு. அந்த மெஷின் என்ன செஞ்சிச்சோ, அதக் கணக்காப் போட்டு இந்தப் பிளகினுக்குள்ள வச்சிருக்காங்க."

"பழைய மெஷினோட கொறைய தேடிப் போறீங்க."

"அப்படித்தான்."

"சரிதான். கொறை இல்லாத மனுசன் கூட ஒக்கார முடியுமா?"

அவன் சிரிக்கவில்லை. ஆனால் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

ஏழில் இரண்டு டேப் வகை. மூன்று வால்வு. ஒன்று பழைய வானொலி நிலையத்து மேசையைப் போலச் செய்தது. ஒன்று எல்லாம் கலந்தது. செய்தவர்கள் இவற்றைப் பதினாலு நாள் இலவசமாகப் பாவிக்கத் தந்திருந்தார்கள். இன்று கடைசி நாள்.

வரிசையாகப் போட்டான். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"மூணாவது எப்படி?" என்றான். "நெஞ்சுல வந்து விழுதுல்ல? மாமிக்கு அதத்தான் போட்டுக் காட்டினேன்."

சுலக்ஷனா திரையோரத்தில் சத்தத்தோடு ஏறி இறங்கும் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், ஏழும் ஒரே அளவா?"

"என்ன அளவு?"

"சத்தம். எங்க ரூம்ல ஒரு சின்னத் தராசு இருக்கு. ஒரு தட்டுல பழைய காசு ஒண்ணு, மறு தட்டுல தேயிலை. ஒவ்வொரு கோப்பைக்கும் அந்தக் காசு எடைதான். ஒரு சிட்டிகை கூடப் போட்டா, எந்த ஆளக் கூட்டிட்டு வந்தாலும் அந்தக் கோப்பையத்தான் நல்லதும்பான். தேயிலை நல்லதுன்னு இல்ல. கூட இருக்கு, அவ்வளவுதான். நான் வேலைக்குச் சேந்த மொத வாரம் அப்பிடி ஒரு வேலை பார்த்து டீமேக்கர் ஐயாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

சிவகரன் அளவுமானியைத் திறந்தான். ஏழையும் ஒவ்வொன்றாக ஓட்டினான்.

மூன்றாவது மற்றவற்றைவிட இரண்டரை டெசிபெல் கூடுதல்.

அவன் படித்தவன். சத்தம் கூடினால் காது அதையே நல்லது என்று சொல்லும் என்பது அவனுக்குத் தெரியாதது அல்ல. பிள்ளைகளுக்கு அவனே கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறான். தன் பெண்சாதியின் குரல் என்று வந்ததும் அத்தனையும் காற்றில் போய்விட்டது. உரக்கக் கேட்டதை உயிரோடு கேட்டதாக எடுத்துக்கொண்டான்.

"சரி பண்ணு" என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஏழையும் ஒரே மட்டத்துக்கு இறக்கினான்.

"இப்ப அந்தப் பக்கம் திரும்புங்க."

"எதுக்கு?"

"பேரத் தெரிஞ்சுகிட்டு ருசி பார்க்கக் கூடாது. நான் மாத்தி மாத்திப் போடுறேன். நீங்க செவுத்தப் பாருங்க."

அவன் மெத்தைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். அவள் வரிசையைக் கலைத்துப் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறுத்தி, "வெளிய போய்ட்டு வாங்க" என்று விரட்டினாள். வாய் கொப்பளிக்கிற மாதிரி காதையும் கொப்பளிக்க வேண்டுமாம். அவன் குழாயடியில் நின்றான். வீதியில் ஹட்டன் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போயிற்று. திரும்பி உள்ளே வந்தான்.

ஏழு சுற்று முடிந்தபோது பதினொரு மணி.

"சொல்லுங்க."

"ஒண்ணும் சரியில்ல."

"எனக்கும் அப்பிடித்தான். ஏழும் ஒரே மாதிரி சப்புன்னு இருக்கு." அவள் நகத்தால் முக்காலியைத் தட்டினாள். "ஒரு கோப்பை சப்புன்னு இருந்தா தேயிலையச் சொல்லுவோம். எல்லாக் கோப்பையும் சப்புன்னு இருந்தா தண்ணியப் பார்ப்போம். ரெண்டு தரம் கொதிச்ச தண்ணின்னா எவ்வளவு நல்ல தேயிலை போட்டாலும் எந்திரிக்காது. இதுக்குத் தண்ணி எது மச்சான்?"

அவன் சுவரிலிருந்து திரும்பித் திரையைப் பார்த்தான்.

"மொதல் பதிவு."

"அத என்னா செஞ்சீங்க?"

"துடைச்சேன். மழை இரைச்சல் இருந்திச்சு. எடுத்துட்டுத்தான் எல்லாத்தையும் செஞ்சேன்."

"மழைய எடுத்துட்டீங்களா?"

"எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

"எடுக்காதத எடுங்க."

ரூபிகா விட்டுப்போன கோப்பு அப்படியே இருந்தது. அவன் அதைத் திறந்தான். ஏழு பிளகின்களையும் மறுபடி அதன்மேல் வைத்தான். மட்டம் பார்த்தான். சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

சுலக்ஷனா மறுபடி கலைத்துப் போட்டாள். முதலாவது. இரண்டாவது. மூன்றாவது.

நான்காவதாக வந்ததைக் கேட்டபோது அவன் முதுகு நிமிர்ந்தது.

முதலில் மழை. தகரத்தின் மேல் விழும் மழை. அது இந்த வீட்டுத் தகரம்தான். சமையலறை மூலையில் ஓட்டையடைத்த இடத்தில் மட்டும் டொக் டொக்கென்று வேறு மாதிரி விழும். அந்த டொக் கேட்டது. அப்புறம் கட்டில் முனகியது. வளையல் மேசையில் இடித்தது. அப்புறம் அவள் மூச்சு. ரூபிகா வாயால்தான் மூச்சை இழுப்பாள். முதல் சொல்லுக்கு முன்னால் நாக்கில் 'த்ச்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும்.

அந்த 'த்ச்' வந்தது.

அவன் அதை மறந்திருந்தான். மறந்ததுகூட இப்போதுதான் தெரிந்தது.

*மலையெறங்கி வாடியம்மா, மஞ்சத்தண்ணி காத்திருக்கு*
*தேயிலைக்கு நடுவால தெருவொதுக்கி வச்சிருக்கோம்*

குரல் ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. அவனுக்கும் மெத்தைச் சுவருக்கும் நடுவில், கை நீட்டினால் படும் தூரத்தில், ஒருத்தி உட்கார்ந்து பாடினாள். அவன் கையை நீட்டவில்லை. நீட்டினால் போய்விடும் என்று பயந்தான். உடம்பில் ஒவ்வொரு மயிரும் எழுந்து நின்றது. பெரிய கோயிலில் திரை விலகும் வேளையில் நிற்கிறவனைப் போல வாய் திறந்தபடி இருந்தான்.

"இது எத்தனாவது?" திரும்பாமலே கேட்டான்.

"அஞ்சாவது. டேப்புன்னு போட்டிருக்கு."

இந்த ஐந்தாவதை அவன் முதல் நாளே ஒதுக்கியிருந்தான். ஒன்றுமே செய்யவில்லை என்று நினைத்து.

உண்மையில் அது அதிகம் ஒன்றும் செய்யவில்லைதான். உரக்க வருவதைக் கொஞ்சம் தட்டி வைத்தது. அடியில் கிடந்ததைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தது. கூட்டத்தில் முன்னால் நிற்கிற ஆளை ஓர் அடி தள்ளி நிற்கச் சொன்னால் பின்னால் நிற்பவர் முகம் தெரியுமே, அப்படி.

இரண்டாம் அடி தொடங்கியது. அப்போது சுலக்ஷனா அவன் தோளைத் தொட்டாள்.

"மச்சான். இன்னொரு ஆள் பாடுறாங்க."

அவனுக்கும் கேட்டது. ரூபிகாவின் குரலுக்கு அடியில், சன்னமாக, கரகரப்பாக, ஒரு பிடி தாழ்ந்து இன்னொரு குரல். பிளகின் செய்யும் வேலையோ என்று அதை நிறுத்திப் பார்த்தான். குரல் கறை போல மங்கி அப்போதும் இருந்தது. மறுபடி போட்டான். தெளிந்தது. இயந்திரம் எதையும் புதிதாகப் பாடவில்லை. அங்கே இருந்தவரைத்தான் காட்டியது.

சுலக்ஷனா கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"அது அம்மா."

கோப்பின் தேதியைப் பார்த்தான். போன வருடம், திருவிழாவுக்கு நாலு நாள் முன்னால், புதன்கிழமை, காலை பத்து இருபது. அவன் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம். கண்ணை டாக்டரிடம் காட்ட வந்த யோகேஸ்வரி அன்று இந்த வீட்டில்தான் தங்கியிருந்தார்.

"நீங்க தொடச்சதத்தான் அவங்களுக்குக் காட்டினீங்க" என்றாள் சுலக்ஷனா. "மழையோட சேத்து அவங்களையும் தொடச்சிருக்கீங்க."

ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றது. அது போன பிறகு சுலக்ஷனா திரும்பினாள்.

"அம்மாவ மட்டும் எடுக்க முடியாதா?"

"எடுக்கலாம். எடுத்தா அந்த மூச்சும் போயிரும். கொஞ்சம் அவளும் போயிருவா."

"வச்சா, புருசன் இல்லாதவ கொரல்ல அழைச்சதா ஆயிரும். பழனியாண்டி பெரியப்பா சும்மா விடமாட்டாரு. பதினாறு வருசம் அம்மா பாட்டுக்குப் பக்கத்துல நின்னு உடுக்கை அடிச்சவரு. அவருக்குத் தெரியாம இருக்காது."

சிவகரன் லேப்டொப்பை மூடினான். அவனும் துணையை இழந்தவன்தான். அவனை எவரும் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. திருவிழா ஏற்பாட்டுக் கூட்டத்தில் முன்வரிசையில் பாய் போட்டு உட்கார வைத்தார்கள். பதினோரு மாதத்தில் இது ஒருநாளும் அவனுக்குத் தோன்றியதில்லை.

"பஸ் எத்தன மணிக்கு?" என்றான்.

இரண்டேகாலுக்கு மேட்டு லயத்தில் இருந்தார்கள். யோகேஸ்வரி விரதம். வாசலில் பித்தளைச் சொம்பை விளக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. மூஞ்சிய கழுவுங்க. சுலா, தேத்தண்ணி ஊத்து."

"தேத்தண்ணி அப்புறம் மாமி. இத ஒரு தடவ கேளுங்க."

"ஃபோன்லயா?"

"ஃபோன் இல்ல." அவன் பெரிய ஹெட்ஃபோனை எடுத்தான்.

"அதெல்லாம் மாட்டத் தெரியாது எனக்கு. மாட்டுக் கொம்பு மாதிரி இருக்கு."

"மாட்டுங்கம்மா, கரகத்துக்கே கொம்பு வச்சாப்புல இருக்கும்" என்றாள் சுலக்ஷனா. யோகேஸ்வரி ஈரக்கையை அவள் பக்கம் உதறினார்.

சிவகரன் அதை அவர் தலையில் வைத்துச் சரிசெய்தான். பாட்டைத் தொடங்கினான். அவனுக்கு இப்போது ஒன்றும் கேட்கவில்லை. முகத்தை மட்டும் பார்த்தான்.

இரண்டாவது வினாடியில் யோகேஸ்வரி தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்தார்.

வெளியே நல்ல வெயில்.

ஒரு வருடத்துக்கு முந்தின மழையை ஒரு மனுஷி வெயில் நேரத்தில் நிமிர்ந்து பார்க்கிறார்.

நான்கு நிமிடம் பதினோரு வினாடியும் அவர் அசையவில்லை. முடிந்த பிறகும் கழற்றவில்லை. "இன்னொருக்கா" என்றார். இரண்டாம் தரமும் கேட்டார். பிறகு தானே கழற்றி, குழந்தையை இறக்குவது போல மடியில் வைத்துக்கொண்டார்.

"அவதான்."

சிவகரன் தலையாட்டினான்.

"அடியில ஒண்ணு கேக்குதே."

"கேக்குது மாமி."

"ஊருக்கும் கேக்குமா?"

"ஹோர்ன் ஸ்பீக்கர்ல எப்படி வரும்னு தெரியாது. கேக்கும்னுதான் நெனைக்கிறேன்."

யோகேஸ்வரி சொம்பை எடுத்தார். விளக்கிய இடத்தையே திரும்பவும் விளக்கினார்.

"நான் வேணும்னு பாடல தம்பி. ரெண்டாவது அடியில அவளுக்கு எப்பவும் சுருதி சறுக்கும். அந்த அறையில பாடிக்கிட்டு இருந்தா. நான் அடுப்படியில நின்னேன். சறுக்கப் போறான்னு தெரிஞ்சிச்சு. புடிச்சிக் குடுத்தேன். அவ்வளவுதான்."

"வேணாம்னா எடுத்துருவேன் மாமி. இப்பவே."

அவர் சொம்புக்குள் பார்த்தார்.

"எடுத்தா திரும்பவும் சறுக்குவாளே."

சிவகரன் ஹெட்ஃபோனை எடுத்துப் பைக்குள் வைத்தான். அதற்குமேல் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

நாலு மணி. கோயிலுக்குப் பக்கத்தில் டர்பன்டைன் என்கிற தைல மரத்தில் ஸ்பீக்கர்கார அழகன் இரண்டு ஹோர்ன்களைக் கட்டியிருந்தான். ஒன்று லயத்தைப் பார்த்து, ஒன்று பள்ளத்தைப் பார்த்து. சிவகரன் கொடுத்த பென் டிரைவைச் செருகி, ஒரு நொடி மெல்லப் போட்டுப் பார்த்தான்.

"சேர், மழை பேயிற மாதிரி இரையுதே. கொஞ்சம் கொறைக்கவா?"

"தொடாதீங்க" என்றாள் சுலக்ஷனா.

கோயில் படியில் பழனியாண்டி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "போடுப்பா, பாப்போம்" என்றார்.

சிவகரனுக்கு ஒரு நம்பிக்கையும் இல்லை. தகர ஹோர்ன் அது. எந்தக் குரலையும் கிழித்துத்தான் தரும். பதினாலு நாள் தேடிய இதம் அதில் நிற்காது என்றுதான் நினைத்தான்.

மூச்சு வந்தது. 'த்ச்'.

பாட்டு பள்ளத்துக்குள் இறங்கியது. தேயிலைச் சரிவைத் தடவிக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போயிற்று. எதிர்மலையில் முட்டியது. அங்கிருந்து, ஒரு நொடி கழித்து, இன்னும் கொஞ்சம் தேய்ந்து, இன்னும் கொஞ்சம் மென்மையாகத் திரும்பி வந்தது. எந்த இயந்திரமும் செய்யாததை அந்த மலை செய்தது. சிவகரன் அண்ணாந்து நின்றான். ரூபிகா போன பிறகு முதல் தடவையாக அவனுக்கு இந்த இடம் பெரியதாகத் தெரிந்தது.

எதிர்ச்சரிவில் கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்கள் ஒவ்வொருத்தராக நிமிர்ந்தார்கள். ஒருத்தி கூடையை இறக்கி வைத்தாள். லயத்து வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். குழாயடியில் வாளி நிரம்பி வழிந்தது. எவரும் மூடவில்லை.

இரண்டாம் அடி.

ஹோர்ன் நடுக்குரலைத் தூக்கிக் கொடுக்கிற சாதி. அவன் அதை மறந்துவிட்டான். சன்னமாக அடியில் கிடந்த அந்தக் கரகரத்த குரல், டர்பன்டைன் மரத்து உச்சியிலிருந்து மகளின் குரலைக் கைபிடித்து நடத்திக்கொண்டு, தோட்டம் முழுவதற்கும் கேட்டது.

பழனியாண்டியின் கை வெற்றிலையோடு நின்றது.

அவர் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. அழகனைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி மேட்டு லயத்தைப் பார்த்தார். வெற்றிலையைப் படியில் வைத்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார். எழுந்தார்.

"பெரியப்பா" என்றாள் சுலக்ஷனா.

அவர் காதில் வாங்கவில்லை. மேட்டு லயத்துக்குப் போகும் கல்படிகளில் ஏறத் தொடங்கினார்.

மேலே, கடைசி வாசலில் யோகேஸ்வரி நின்றார். பழனியாண்டி வருவதைப் பார்த்தார். உள்ளே போகவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

பாட்டு முடிய இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. அந்தப் படிகளை ஏற அவ்வளவு நேரம் போதும்.